ஓநாய்க்குத் தாய்மாமன்

நொச்சிவலசு மாரப்பன் ஓர் ஓநாய்க்கு அண்ணன் முறையாகிப்போனதையும், அதனாலேயே அதன் குட்டிகளுக்குத் தாய்மாமன் ஆனதையும், ஆன பிறகு ஒரு தாய்மாமன் செய்யவேண்டிய சீரையெல்லாம் குறைவில்லாமல் செய்து ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டதையும், காங்கயத்துக்குத் தெற்கே கொழுக்கட்டைப் புல் காய்கிற அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, நீங்கள் எதற்கு இதைக் கேட்கிறீர்கள் என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்த ஒன்றில் ஊருக்கும் பங்கு உண்டு.

அந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்க ஆள் வேண்டாம். கொரங்காடு என்கிற, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்குள் செம்மறிகளை விட்டு முள்படல் கதவைச் சாத்திவிட்டால், அவை பாட்டுக்குப் புல்லைக் கறும்பிக்கொண்டு, மழை வந்தால் நனைந்துகொண்டு, வெயில் ஏறினால் வெள்வேல மரத்தடியில் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை நுழைத்து நின்றுகொண்டு, வருஷத்தைக் கழித்துவிடும். மனுஷன் அப்படிக் கழிக்க முடியாது. மாரப்பனுக்கு நாற்பது ஆகியும் பெண் அமையவில்லை. கிணறு வற்றிப்போய் வெறும் மேய்ச்சல் காட்டை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு, அதுவும் பனியன் கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர்கூட ஆகாதவனுக்கு, யார் பெண் கொடுப்பார்கள்? அவன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த தரகர், செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம் என்று சொல்லி அதை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் தெருநாய்கள் கூட்டமாக வந்து ஆடுகளைக் குதற ஆரம்பித்திருந்தன. அப்படிச் செத்துப்போன ஆடு ஒன்றின்மேல் மாரப்பன் பூச்சிமருந்துக் குருணையைத் தூவி ஓடைக்கரையில் போட்டுவிட்டு வந்தான். எல்லோரும் செய்கிற வேலைதான். விடிந்து போய்ப் பார்த்தால் நாய் ஒன்றும் சாகவில்லை. ஊரில் ஒருத்தரும் வெகுகாலமாகக் கண்ணால் பார்த்திராத ஒரு பெட்டை ஓநாய், ஓடைத் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் தூரம்தான் என்கிற இடத்தில் முன்கால்களை நீட்டியபடி செத்துக் கிடந்தது.

ஊர் கூடிவிட்டது. தோலை உரித்து மாட்டலாம் என்றார் ஒருவர், பல்லைப் பிடுங்கிக் குழந்தைகளுக்குக் கட்டலாம் என்றார் இன்னொருவர். மாரப்பன் வீட்டுக்குப் போய், வரப்போகிறவளுக்கென்று ஆசையாக வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த அரக்கு நிறக் கூறைச்சேலையை எடுத்துவந்து ஓநாயின்மேல் போர்த்தினான். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி என்று புதுச்சேலை போர்த்துவது கூடப்பிறந்தவன் உரிமை. கோடியைப் போட்டவன்தான் கூடப்பிறந்தவன் என்பது அந்த ஊர்ச் சட்டம்.

"ஏண்டா, கோடியா போடறே? போட்டீன்னா முறையாயிரும்டா" என்றாள் அவனுடைய சொந்த அக்கா ருக்குமணி.

"ஆனா ஆவட்டும்க்கா. கொன்னவன் வேற என்னதான் பண்றது?"

அப்போதுதான் கரையோரப் பொந்துக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது. கையை விட்டு எடுத்தால் இரண்டு குட்டிகள், கண்கூடத் திறக்காதவை, ஒன்று ஆண், ஒன்று பெண். ஓநாயைப் புதைத்துவிட்டு எல்லோரும் குளித்துத் தலை துவட்டுவதற்குள் ஊருக்குள் விஷயம் முடிவாகிவிட்டது: அம்மாளுக்கு மாரப்பன் அண்ணன் என்றால் பிள்ளைகளுக்கு அவன் தாய்மாமன், தாய்மாமன் இருக்கும்போது பிள்ளைகள் எப்படி அநாதையாகும்? முறை என்று வந்துவிட்டால் நொச்சிவலசில் யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை.

மாரப்பன் குட்டிகளைச் சங்கில் வெள்ளாட்டுப் பால் புகட்டி வளர்த்தான். தன் பழைய பனியனைக் கிழித்துப் படுக்கை போட்டான். கண் திறந்தபோது அவை வாடின சங்குப்பூ மாதிரி ஒரு மங்கிய நீலத்தில் அவனைப் பார்த்தன, பார்த்த முதல் முகம் அவனுடையது, அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. கொஞ்ச நாளில் அவன் காட்டிலிருந்து திரும்பியதும் இரண்டும் மேலே தொற்றி ஏறி வாயோரத்தை நக்க ஆரம்பித்தன. தாய் ஓநாய் வேட்டையிலிருந்து வந்தால் வயிற்றில் கொண்டுவந்த கறியைக் கக்கிக் கொடுக்கும், அதைக் கேட்டுத்தான் குட்டிகள் வாயை நக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. முத்தம் என்று நினைத்துக்கொண்டான். நாற்பது வயது வரைக்கும் யாரும் முத்தம் கொடுக்காதவன் வேறு என்ன நினைப்பான்?

ஆணுக்குக் காரி என்றும் பெண்ணுக்குச் செவந்தி என்றும் பேர் வைத்து, கறுப்புக் கயிறு திரித்து, குலசாமி திருநீறு பூசி, இரண்டின் இடுப்பிலும் அவன் கையாலேயே அரணாக்கயிறு கட்டினான். அரணாக்கயிற்றுக்கு ஒரு கட்டுத்திட்டம் உண்டு. பிள்ளை வளர வளர, கொஞ்சம் நீளமாகப் புதுக்கயிறு கட்டிவிட்டு அதற்குப் பிறகுதான் பழையதை அவிழ்க்கவேண்டும். இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. கயிற்றை அறுத்துப் போடுவது செத்தவர்களுக்கு மட்டும். பிள்ளை பெற்ற யாருக்கும் இது தெரியும். மாரப்பன் ஆடு வளர்த்தவன். ஆட்டுக்குக் கழுத்துக்கயிறு கட்டினால் கட்டினதுதான், அது பாட்டுக்குக் கிடக்கும், ஒரு நாள் ஆட்டோடு போகும். அவன் கயிற்றை மாற்றவில்லை, குட்டிகளும் கயிறு சொன்ன அளவுக்கு மேல் வளரவில்லை.

முதல் வருஷம் சவலை என்றார்கள். அடுத்த வருஷம் தாய்ப்பால் குடிக்காத குறை என்றார்கள். அதற்கடுத்த வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. அவற்றோடு பிறந்த ஆட்டுக்குட்டிகள் கிடாயாகிச் சந்தைக்குப் போயின, அவற்றோடு பிறந்த மனுஷக் குழந்தைகள் பால்வாடிக்குப் போய், பள்ளிக்கூடம் போய், மூக்கொழுகல் நின்று சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். காரியும் செவந்தியும் மட்டும் அதே பால் பல்லோடு, அதே பானை வயிற்றோடு, அதே மங்கிய நீலக் கண்ணோடு, வாசலில் உருண்டுகொண்டிருந்தன. பனைமரம் ஏன் பனைமரமாக இருக்கிறது என்று யாராவது கேட்பார்களா? அதுபோல இதையும் யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஓநாய்க் குட்டிகளின் வாடை பட்ட காட்டுப் பக்கம் தெருநாய்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊரிலேயே அதிகம் ஆடு வைத்திருந்த பெரியகாட்டுச் சாமியப்பன்தான் முதலில் வந்து, வெற்றிலைத் தட்டோடு, சம்பந்தம் பேசுகிற மாதிரி பேசினார்.

"மாரப்பா, உம்பட மருமக்கமாரை ஒரு வாரத்துக்கு நம்ம காட்டுல இருந்துட்டு வரச் சொல்லேன். விருந்தாளியாட்டம் பாத்துக்கறோம்."

அதிலிருந்து முறை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு குட்டிகளை அழைத்துப்போனார்கள். போகும்போது திருஷ்டி சுற்றினார்கள், வரும்போது எலும்பும் கறியும் கொடுத்தனுப்பினார்கள். ஓநாய் வளர்ந்தால் ஆட்டைத் தின்னும், ஓநாய்க் குட்டி ஆட்டைக் காக்கும். இதைவிட நல்ல ஏற்பாடு எந்த ஊருக்கு வாய்க்கும்?

ஒருநாள் சாமியப்பன் காட்டில் காரியின் கயிறு வேலி முள்ளில் மாட்டி இழுபட்டு ஒரு விரற்கடை நெகிழ்ந்துபோயிற்று. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் காரி ஒரு சாண் வளர்ந்து, ஒரு கோரைப்பல் முளைத்து, ஆட்டுக்குட்டி ஒன்றின் பின்னாலேயே தலையைத் தாழ்த்தி நடக்க ஆரம்பித்தது. சாமியப்பன் ஆளனுப்பினார், மாரப்பன் ஓடிவந்து பார்த்தான். கயிற்றைப் பார்த்தான், குட்டியைப் பார்த்தான், அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாமியப்பனுக்கும் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதிரெதிரே நின்று மரத்தைப் பார்த்தார்கள், ஆட்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை.

"இறுக்கிக் கட்டிருப்பா. முடிச்சு நல்லா இருக்கட்டும்" என்றார் சாமியப்பன்.

மாரப்பன் இறுக்கிக் கட்டினான். அதற்கப்புறம் காரி எப்போதும் செவந்தியைவிட ஒரு சாண் பெரிது. அன்றைக்கே மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை.

மாற்றாத குறையை அவன் சீர் செய்து சரிக்கட்டினான். குட்டிகளை மடியில் வைத்துக் காது குத்தினான்; தட்டான் ஊசியை எடுத்ததும் இரண்டும் போட்ட கூச்சலில் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கிடா வெட்டி விருந்து போட்டான். விருந்துக்கு வந்தவர்களில் கறியைப் பச்சையாகக் கேட்டவர்கள் அந்த இருவரும்தான். வருஷா வருஷம் புதுத்துணி, பொங்கலுக்குக் கரும்பு, ஆடிக்குத் தேங்காய் சுட்டுக் கொடுத்தான். ருக்குமணி பந்தியில் உட்கார்ந்துகொண்டே வயிறெரிந்தாள்.

"நானும் இவனுக்குப் பொறந்தவதான். எம் புள்ளைக்கு காது குத்தறப்ப கம்மலுக்குத் திருகாணிகூட வாங்கியாரல. நானும் செத்துப்போயிருந்தா செஞ்சிருப்பான் போல."

ஓநாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர் கழுத்தில் கேமராவோடு வந்தார். குட்டிகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சீமையில் ஓநாய் அற்றுப்போய்விட்டது என்று நினைத்தேன், அடடா, குட்டி போட்டிருக்கிறதே என்றார். சில வருஷம் கழித்து மறுபடி வந்து, "ஆஹா, இந்தத் தடவையும் குட்டியா!" என்று பூரித்துப்போனார். மீசை நரைத்த பிறகும் ஒருமுறை வந்து பூரித்தார். ஒருத்தரும் அவரைத் திருத்தவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

இதற்கிடையில் மாரப்பனுக்குக் கல்யாணமும் ஆயிற்று. பெண் கிடைக்காதவர்களுக்கெல்லாம் பாலக்காட்டுப் பக்கம் பெண் பார்க்கிற தரகர் ஒருவர் கிளம்பியிருந்தார். அவர் மூலம் வந்தவள் விலாசினி. வயது முப்பத்தைந்துக்கு மேல், அண்ணன்மார் வீட்டில் சமைத்துப்போட்டே அலுத்தவள். செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டோடு இருக்கிறார்கள் என்று மாரப்பன் முன்னாலேயே சொல்லியிருந்தான், தாயில்லாப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன் என்று அவளும் ஒப்புக்கொண்டிருந்தாள். விளக்கோடு உள்ளே வந்தவள் காலடியில் இரண்டு குட்டிகள் உருண்டன.

"நாயா?"

"இல்ல, ஓநாய்."

"ஓ" என்றாள் விலாசினி. விளக்கை வைத்துவிட்டு, பால் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ருக்குமணி ஒரு கயிறு திரித்துக் கொடுத்தாள், விலாசினி கட்டினாள், குழந்தை கொழுக்கக் கொழுக்க மாற்றிக் கட்டினாள். முதல் தடவை மாற்றும்போதே அவள் பக்கத்தில் படுத்திருந்த செவந்தியின் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். கயிறு ரோமத்துக்குள் புதைந்து, அந்த இடத்தில் தோல் காய்ப்புக் காய்த்திருந்தது.

"இதுங்களுக்கு ஏன் மாத்தல?" என்றாள் பாலக்காட்டு இழுப்போடு.

"மாத்தோணும்."

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் மாத்தாம வெச்சிருக்கீங்க, இல்ல?"

மாரப்பன் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். வெளியூர்க்காரிக்கு எது கேட்கலாம் எது கேட்கக்கூடாது என்று தெரியவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கார்த்திகையில்தான் மாப்பிள்ளை வந்தார்.

பொழுது சாய்கிற நேரம். மாரப்பன் கொரங்காட்டில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான், செவந்தி அவன் மடியில் கிடந்தது. படலுக்கு வெளியே, எங்கிருந்து வந்ததோ, தவிட்டு நிறத்தில் வாலிப ஓநாய் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆடுகளை அது திரும்பியே பார்க்கவில்லை. தலையைத் தூக்கி நீளமாக ஒரு குரல் கொடுத்தது. மடியில் கிடந்த குட்டி விருட்டென்று எழுந்தது, இறங்கியது, தட்டுத்தடுமாறிப் படலுக்கு ஓடி, தானும் தலையைத் தூக்கி, கீச்சென்று பதில் கொடுத்தது. வாலிப ஓநாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. மூக்கை முள்ளிடுக்கில் வைத்து மோந்தது. மூக்குக்குத் தெரிந்தவள் வயசுக்கு வந்த பெண், கண்ணுக்குத் தெரிந்தது பால் மறக்காத குட்டி. எதை நம்புவதென்று தெரியாமல் அது அங்கேயே பல நாள் உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து போயிற்று. அடுத்த கார்த்திகையில் திரும்ப வந்தது.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. மாப்பிள்ளை வந்திருக்கிறார், ஒரு சொம்பு தண்ணீர்கூட வைக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று சாமியப்பனே மண்சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து படலுக்கு வெளியே வைத்தார். பெண்கள் கூடிப் பேசி, பிள்ளை பெரியவளாகிவிட்டாள், மாமன் குச்சுக் கட்டவேண்டாமா என்று மாரப்பனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் பச்சைத் தென்னோலை வெட்டிவந்து வாசலில் குச்சுக் கட்டினான், செவந்தியை மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதற்குள் உட்காரவைத்தார்கள், தட்டுத் தட்டாகச் சீர் வந்தது, பாட்டுப் பாடினார்கள். குட்டி ஓலையைக் கடித்து விளையாடியது. சடங்குகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வயசுக்கு வந்துகொண்டிருந்தன, குட்டி மட்டும் அப்படியே இருந்தது.

வந்தவர்கள் போன பிறகு விலாசினி கேட்டாள்.

"குச்சும் கட்டியாச்சு, சீரும் வெச்சாச்சு. கயித்த எப்ப மாத்தப் போறீங்க?"

"மாத்தறேன்."

"எப்ப?"

"வர்ற வருசம்."

"பொண்ணக் கட்டிக் குடுக்க மனசில்லாத அப்பன்மாரை நான் பாத்திருக்கேன். எங்க அண்ணன்மாரே அப்படித்தான். ஆனா இப்படிப் பாத்ததில்ல."

மாரப்பன் குச்சிலிருந்து ஓலை ஒன்றை உருவிக் கிழித்தபடி சொன்னான்.

"வளந்துட்டா தெரிஞ்சுபோயிரும் விலாசினி."

"என்னது?"

"அவிய அம்மாளைக் கொன்னது ஆருன்னு. குட்டியா இருக்கற வரைக்கும்தான் நான் மாமன். வளந்துட்டா நான் ஆரு?"

விலாசினிக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. ஆனால் அவள் பாவம் பார்த்துப் பேச்சை விடுகிறவள் அல்ல. "தெரிஞ்சா தெரியட்டும். அதுக்காக அவளோட வயசை நீங்க வெச்சுக்குவீங்களா?" என்றாள். அன்றைக்கே மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை.

வர்ற வருஷம் வந்தது, மாப்பிள்ளையும் வந்தது. அதற்கு அடுத்த வருஷமும் வந்தது. ஒரு வருஷம் காதோரம் கிழிந்து வந்தது, ஒரு வருஷம் எலும்பும் தோலுமாக வந்தது, ஒரு வருஷம் இன்னொரு பெட்டை ஓநாய் தூரத்தில் நின்று கூப்பிட்டும் போகாமல் படலடியிலேயே கிடந்தது. செவந்தி உள்ளே, அது வெளியே, நடுவில் கிளுவை வேலி. இரண்டும் முள்ளிடுக்கில் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு கிடக்கும். காரி அந்த நாட்களில் எதையும் தின்னாமல் வேலியோரமாகவே சுற்றிச் சுற்றி ஓடும். ஓடி ஓடி வேலியை ஒட்டி ஒரு தடமே விழுந்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் மாரப்பன் கயிறு திரித்து வைத்துக்கொள்வான், நீளமாக, தளர்வாக, முடிச்சு மட்டும்தான் போடவேண்டும். ஒவ்வொரு வருஷமும் செவந்தி ஓடிவந்து அவன் வாயோரத்தை நக்கும். அவன் கயிற்றை மடித்து வீட்டுக் கூரை இறவாணத்தில் செருகிவிடுவான். தொலைந்துபோகிற வயசு அவனுடையதாக இருந்தால் அப்படிச் செலவழித்திருப்பானா? ஊரும் கேட்கவில்லை. புல் நன்றாக இருக்கிறது, ஆடு நன்றாக இருக்கிறது, மாப்பிள்ளைக்கு என்ன அவசரம் என்று இருந்துவிட்டது.

ஒரு கார்த்திகையில் மாப்பிள்ளை வரவில்லை.

முதல் நாள், வயசாகிக் கால் நொண்டியிருக்கும், மெதுவாகத்தானே வருவார் என்றார்கள். தண்ணீர்ச் சட்டியை நிரப்பி வைத்தார்கள். தீபத்துக்கு வீடெல்லாம் விளக்கு வைத்து, விளக்கெல்லாம் அணைந்து, கார்த்திகையே முடிந்தது. புறவழிச் சாலையில் லாரி அடித்து ஏதோ கிடந்ததாக ஒருத்தர் சொன்னார், நாயாக இருக்கும் என்று மற்றவர்கள் அவசரமாகச் சொன்னார்கள். செவந்தி படலடியை விட்டு அசையவில்லை. பால் வைத்தால் குடிக்கவில்லை. மாரப்பன் கறியை மென்று வாயில் வைத்தால் கீழே விழுந்தது. பானை வயிறு ஒட்டிப்போயிற்று. ஆனாலும் அது சாகவில்லை. கயிறு கட்டினவன் கையில் சாவும் இருந்தது போல, அந்தக் குட்டி வளரவும் முடியாமல் சாகவும் முடியாமல், மார்கழி பிறந்து பனி கொட்டும்போதும், வராத ஒன்றுக்காக முள்ளிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தது.

மாரப்பன் இறவாணத்தில் செருகியிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்கு வந்தான். சேதி கேட்டு ஊரே கூடிவிட்டது, சாமியப்பனும் வந்துவிட்டார். அவருக்கு இப்போது கையில் தடி இருந்தது, குரலும் நடுங்கியது.

"வேண்டாம் மாரப்பா. அன்னைக்கு அவுத்திருந்தா வேற. இன்னைக்கு அவுத்தா அத்தனை வருசமும் ஒரே நாள்ல வந்து எறங்குமேப்பா. ஓநாய்க்கு அத்தனை ஆயுசு இருக்குதா?"

"இல்லீங்க மாமா."

"அப்பறம்?"

"அதுக்காவ அது இங்கயே கெடக்கட்டும்ங்களா?"

சாமியப்பன் தடியை ஊன்றிப் படலடியில் கிடந்த குட்டியைக் குனிந்து பார்த்தார். "நான்தான இறுக்கிக் கட்டச் சொன்னேன்" என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வது போல. அவர் அதைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மாரப்பன் கையிலிருந்த புதுக்கயிற்றைப் பார்த்தான். இனி நீளமாகக் கட்டி என்ன ஆகப்போகிறது? அதைக் கீழே போட்டுவிட்டு, அரிவாளை எடுத்தான்.

காரியின் கயிற்றை முதலில் அறுத்தான். உலையில் போட்ட அரிசி வேகிற நேரம்கூட ஆகவில்லை. தோள் புடைத்தது, கால் நீண்டது, பிடரி சிலிர்த்தது, ஒரு முழு ஆண் ஓநாய் அங்கே நின்றது, நின்றபடியே முகவாயில் நரை விழ ஆரம்பித்தது. அது அதற்குக் காத்திருக்கவில்லை. ஓடி ஓடித் தேய்த்த தடத்தில் ஒரு சுற்று ஓடி, வேலியை ஒரே தாவாகத் தாண்டி, இருக்கிற கொஞ்ச ஆயுசையும் காலில் எடுத்துக்கொண்டு, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஓடிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

செவந்தியை அவன் மடியில் வைத்துக்கொண்டுதான் அறுத்தான். மடி கனத்தது. கனத்துக் கனத்துத் தாங்க முடியாமல் அவன் கையை விட்டபோது அது இறங்கி நின்றது. ஒரு கணம், ஒரே கணம், அது மாப்பிள்ளை முதன்முதலாக வந்த கார்த்திகையில் இருந்திருக்கவேண்டிய மாதிரி இருந்தது: செம்மண் நிறத்தில் ரோமம் மின்ன, காது விறைக்க, அத்தனை அழகாக. கூட்டத்திலிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பிறகு அந்த வருஷம் போயிற்று, அடுத்தது வந்தது. வயிறு தொங்கிற்று, முலைகளில் பால் கட்டிற்று, குடிக்க ஒரு குட்டியும் இல்லாமல் அந்தப் பால் சொட்டுச் சொட்டாகக் கொழுக்கட்டைப் புல்லில் விழுந்தது, வருஷா வருஷத்துப் பாலும் விழுந்து தீர்ந்தது. பிறகு மடி சுருங்கிற்று, முகம் நரைத்தது, முதுகெலும்பு தெரிந்தது. நீலக் கண் மஞ்சளாயிற்று.

மாரப்பன் மண்டி போட்டு உட்கார்ந்து, கழுத்தைக் காட்டினான். "தாயி, நான்தான் கொன்னேன். உங்கம்மாளை நான்தான் கொன்னேன்" என்றான். கிழட்டு ஓநாய் அவனைப் பார்த்தது. வழியில் கிடக்கிற ஒரு கல்லைப் பார்ப்பது போல, சுற்றிப் போகவேண்டும் என்பதற்காக மட்டும் பார்த்தது. அவனைச் சுற்றிக்கொண்டு படலுக்குப் போயிற்று. விலாசினி ஓடிப்போய்ப் படலைத் திறந்தாள். மாப்பிள்ளை உட்கார்ந்து உட்கார்ந்து புல் முளைக்காமல் போயிருந்த இடத்தை அது மோந்தது. ஒரு தடவை மோந்தது, சுற்றி வந்து இன்னொரு தடவை மோந்தது. பிறகு ஓடைப் பக்கமாக மெதுவாக நடந்தது. ஆடுகள்கூட அதைக் கண்டு ஓடவில்லை.

மறுநாள் தேடிப்போனவர்கள் ஓடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். மாரப்பன் தேடப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். விலாசினி சோற்றுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடிச்சிருக்கலாம்" என்றான் மாரப்பன். "ஒரு கடி கடிச்சுட்டுப் போயிருக்கலாம்ல?"

"அவளுக்கு உங்களைத் தெரியாதுங்க" என்றாள் விலாசினி. அவனைத் தேற்ற வேறு என்னவாவது சொல்லியிருக்கலாம், பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "நேத்துப் பொறந்து நேத்தே கெழவியானவ அவ. உங்களைத் தெரிஞ்சது அந்தக் குட்டிக்குத்தான்."

மாரப்பன் அழுதான். அழுகை ஓய்ந்த பிறகு, சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டான்.

"அப்ப, நான் வளத்துன குட்டி எங்க போச்சு?"

விலாசினி தட்டை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.